தனியாக விட மனம் வரவில்லை

உலகத்தில் நன்றி கெட்ட ஜனம் என்று ஒன்று இருக்குமானால், அது வீடியோ கேம் ஆடுகிற ஜனம்தான். மூவாயிரம், நாலாயிரம் என்று காசைக் கொடுத்து ஒரு கேமை வாங்கிவிட்டால் போதும், அது தன்னுடையது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நெட் இல்லாவிட்டாலும் ஓட வேண்டுமாம். பத்து வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் போட்டாலும் ஓட வேண்டுமாம். காசு கொடுத்தவனுக்கு இவ்வளவு ஆசை ஆகுமா? இந்த ஆசையை அடக்கத்தான் கம்பெனிக்காரர்கள் 'எப்போதும் ஆன்லைன்' என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எதிராளியே இல்லாமல், வீட்டு மூலையில் உட்கார்ந்து தன்னந்தனியாக ஆடும் ஆட்டத்துக்கும், கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு சர்வர் 'சரி' என்று தலையசைக்க வேண்டும். இதைத் திட்டிப் பதினைந்து வருஷமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். பாராட்டி ஒரு வரி எழுத நாதியில்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.

நாலு பேர் நாலு ஊரிலிருந்து சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு நெட் வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். அதில் கம்பெனிக்கு ஒரு பெருமையும் கிடையாது. தேவையே இல்லாத இடத்தில் தேவையை உண்டாக்கிக் காட்டுவதில் அல்லவா கைத்திறன் இருக்கிறது! கேரம் போர்டு விற்ற கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பாமல், நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு காயை அடிக்குமுன்னும் 'ம், அடியுங்கள்' என்று அனுமதி கொடுப்பாரானால், அந்த அக்கறையை எப்படியெல்லாம் மெச்சுவோம்! அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டிரைக்கர் நகரவில்லை என்று கோபித்துக்கொள்வது நாகரிகமா?

இந்தத் தொண்டின் முன்னோடிகளில் பிரான்ஸ் நாட்டு யுபிசாஃப்ட்டை முதலில் வணங்க வேண்டும். 2010 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு இரண்டு கேம்கள் இறக்கினார்கள். ஒன்று 'அசாசின்ஸ் கிரீட் 2'. பழைய இத்தாலியில் கூரைக்குக் கூரை தாவும், முழுக்க முழுக்க ஒற்றை ஆள் ஆட்டம். மற்றது 'சைலன்ட் ஹன்டர் 5'. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு நாம்தான் கேப்டன். அட்லாண்டிக்கின் அடியில், எதிரிக்கு மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல், வெளியுலகத் தொடர்பே அறுந்து பதுங்கிக் கிடக்கும் அனுபவம். அந்த அனுபவத்தை வீட்டிலிருந்தே பெறுவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நெட் இணைப்பு ஒரு கணம்கூட அறுபடக் கூடாது. அறுந்தால் கப்பல் நின்ற இடத்தில் நிற்கும். சரித்திர உண்மைக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்களை நான் கண்டதில்லை.

வெளியான சூட்டோடு யாரோ விஷமிகள் யுபிசாஃப்ட்டின் சர்வரைத் தாக்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் உள்ளே போக முடியாமல் வாசலில் நின்றார்கள். சில வாரங்களில் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பியும் நெட்டில் சுற்ற ஆரம்பித்தது. அதை இறக்கியவனுக்குச் சர்வர் இருந்தால் என்ன, எரிந்தால் என்ன? அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான். பாவம், அவனை ஏனென்று கேட்க ஒருவர் இல்லை. நீ யார், எங்கிருந்து வருகிறாய், பாஸ்வேர்ட் என்ன, இன்னும் இருக்கிறாயா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் விசாரித்ததெல்லாம் காசு கொடுத்தவனைத்தான். வேண்டியவர்களைத்தானே விசாரிப்போம்.

2012இல் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டதாக யுபிசாஃப்ட் சொன்னது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல வேளை, அதற்குள் அமெரிக்காவின் பிளிசார்ட் கொடியைக் கையில் வாங்கிவிட்டது. அந்த வருஷம் மே 15ஆம் தேதி 'டயப்ளோ 3' வெளியானது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 35 லட்சம் காப்பிக்கு மேல் விற்றது. நள்ளிரவில் கண் விழித்து லாகின் போட்டவர்களுக்குத் திரையில் தெரிந்தது ஒரே ஒரு செய்தி. சர்வர்கள் பிசியாக இருக்கின்றன, பிறகு முயலவும், பிழை எண் 37. நரகத்துத் தலைவனைத் தனி ஆளாக வெட்டிச் சாய்க்க வந்தவன் நரக வாசலில் வரிசையில் நிற்கிறான். தலைவன் உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறான். இரு தரப்புக்கும் சேதமில்லாத இப்படி ஒரு யுத்தத்தை யார் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்? தென் கொரியர்களுக்கு மட்டும் இதை ரசிக்கத் தெரியவில்லை. வர்த்தகத்தில் நேர்மையைக் கவனிக்கும் அரசு ஆணையத்துக்குப் புகார்கள் குவிய, அதிகாரிகள் சியோலில் இருந்த பிளிசார்ட் அலுவலகத்துக்கே சோதனைக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் இதே கேம் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்தது. அங்கே நெட் இல்லாமலே ஓடியது. ஆகவே, முடியாது என்பதால் செய்ததல்ல. கம்ப்யூட்டர்காரர்களைத் தனியாக விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தத் துறையின் கோபுரக் கலசம் என்று நான் கருதுவது 2013இன் 'சிம்சிட்டி'யைத்தான்.

வில் ரைட் செய்த முதல் 'சிம்சிட்டி' 1989இல் ஃபிளாப்பியில் வந்தது. நாமே மேயர். ரோடு போட வேண்டும், கரண்ட் இழுக்க வேண்டும், வரி போட்டுத் திட்டு வாங்க வேண்டும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் இப்படிக் கேட்பாரற்று ஊர் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனிக்கும், அதன் கீழிருந்த மேக்சிஸுக்கும் மனம் பொறுக்கவில்லை. மார்ச் 5ஆம் தேதி அமெரிக்காவில் இறங்கிய புதிய 'சிம்சிட்டி'யில், ஒற்றை ஆளாக ஒரு குக்கிராமம் கட்டுவதாக இருந்தாலும் ஆன்லைனில்தான் கட்ட முடியும்.

முதல் வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது. வரிசையில் இத்தனை நிமிஷம் காத்திருக்கவும் என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடும். ஓடி முடித்ததும் கதவு திறக்காது, கடிகாரம் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடும். முட்டி மோதி உள்ளே போன பாக்கியவான்கள் சிலருக்கு நேற்றுக் கட்டிய ஊரை இன்றைக்குக் காணவில்லை. நகர நிர்வாகத்தை இவ்வளவு தத்ரூபமாகக் காட்டிய கேம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மனு கொடுக்க வரிசை, முறை வந்ததும் கவுன்ட்டர் மூடல், கொடுத்த ஃபைல் மாயம் என்று ஒன்று குறையவில்லை. சர்வருக்கு மூச்சு வாங்கியபோது, சுமையைக் குறைக்க, 'சிறுத்தை' என்று பெயரிட்டிருந்த அதிவேக ஓட்டத்தையே கேமிலிருந்து கழற்றிவிட்டார்கள். வாங்கிய பொருளின் பாகத்தை வாங்கியவன் வீட்டுக்கு வராமலே கழற்றிக்கொண்டு போகும் வசதி ஃபிளாப்பிக் காலத்தில் உண்டா? அமேசான்கூடச் சில நாள் டவுன்லோட் விற்பனையை நிறுத்தி வைத்தது. கம்பெனி சமாதானமாக இன்னொரு கேமை இலவசமாகத் தந்தது.

ஏன் ஆஃப்லைன் கிடையாது என்று கேட்டார்கள். மேக்சிஸுக்குத் தலைமை ஏற்றிருந்த லூசி பிராட்ஷா விளக்கம் சொன்னார்: கணக்குகளில் கணிசமான பங்கை எங்கள் சர்வர்கள் செய்கின்றன, அதை மாற்றுவதென்றால் பெரிய இன்ஜினியரிங் வேலை. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் களைத்துவிடக் கூடாதென்று எங்கோ ஒரு சர்வர் நமக்காக உழைக்கிறது என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண் காயுமுன் ஒரு ரசிகர் காரியத்தைக் கெடுத்தார். புரோகிராமில் லேசாகக் கை வைத்து, நெட்டைத் துண்டித்து, ஊர் தன்பாட்டுக்கு நடப்பதை வீடியோ பிடித்துப் போட்டுவிட்டார். சர்வர் இல்லை, ஆனாலும் வண்டிகள் ஓடின, வரி வசூலானது. ஒரு கம்பெனியின் உழைப்பைக் கொச்சைப்படுத்த இதைவிட மோசமான வழி உண்டா?

பிராட்ஷா அசரவில்லை. இன்னொரு விளக்கம் எழுதினார். சுருக்கமான ஓர் ஆஃப்லைன் வடிவத்தைச் செய்திருக்க முடியும்தான், எங்கள் கனவுக்கு அது பொருந்தவில்லை, அதனால் வேண்டாமென்று விட்டோம் என்றார். முதல் வாரம் மலையைப் புரட்டும் வேலையாக இருந்தது, அடுத்த வாரம் மனசு வைத்தால் ஆகிற வேலையாகிவிட்டது. தொழில்நுட்பம் இந்த வேகத்தில் வளர்ந்து வேறெங்கும் நான் படித்ததில்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் வந்தே விட்டது. அதற்கு ஆறரை மாதம் பாடுபட்டதாக இன்ஜினியர்கள் எழுதினார்கள். பூட்டைச் செய்ய எத்தனை மாதம் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

2015 மார்ச் தொடக்கத்தில் எமரிவில்லில் இருந்த அந்த மேக்சிஸ் ஸ்டுடியோவை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இழுத்து மூடியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பின்லாந்தின் டாம்பரே நகரத்திலிருந்து கொலோசல் ஆர்டர் என்ற சின்னஞ்சிறு கம்பெனி 'சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ்' என்று ஓர் ஊர் கட்டும் ஆட்டத்தை இறக்கியது. ஆட நெட் வேண்டாம், இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பத்து லட்சம் காப்பி போனது. ஜனங்களின் ரசனை இப்படிக் கெட்டுப்போனால் மேக்சிஸ் என்ன செய்யும்?

எங்கள் பக்கத்துக்கும் இந்தத் தயவு வந்து சேர்ந்துவிட்டது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஒரு மழைக்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியதில் ஃபைபர் கேபிள் அறுந்து மூன்றாவது நாள். கரண்டும் இல்லை, ஆனால் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகன் டிவி முன்னால் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தக் கம்பெனியின் கேம் என்பது வேண்டாம், புகழை விரும்பாதவர்கள்.

"மாமா, நான் ஒருத்தன்தான் மாமா ஆடறேன். டிஸ்க் உள்ளதான் இருக்கு. எதுக்கு நெட்டு?"

"உன்னத் தனியா விட அவங்களுக்கு மனசு வரலடா."

"ஆஃப்லைன்னு ஒண்ணு குடுத்தா என்ன கொறஞ்சிடுவாங்க?"

"இப்ப ஆன்லைனா இருக்கவே உனக்கு வழியில்ல, இதுல ஆஃப்லைன் வேற கேக்குதா?"

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டான். ஒரு கோடு சிக்னல். கேம் மெல்ல விழித்து, முதலில் அப்டேட் இறக்க வேண்டும், அதன் பிறகே லாகின் என்றது. அப்டேட்டின் அளவைப் பார்த்ததும் அத்தான் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைய டேட்டாவில்தான் அவர் ஆபீஸ் வேலையும் நடக்க வேண்டும். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் ஒரு பென் டிரைவோடு வந்தான். அதிலிருந்த பழைய கார் ரேஸ் கேமின் பூர்வீகத்தை நான் விசாரிக்கவில்லை. அந்த கேமும் எங்களை ஒன்றும் விசாரிக்கவில்லை. தட்டினதும் ஓடியது. முறையாகக் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், உறையோடு பத்திரமாக, டிவி ஸ்டாண்டில் ஓய்வெடுத்தது.

நெட் இல்லாத வீட்டுக்கு மட்டும்தான் இந்தக் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். கற்றை கற்றையாக நெட் பாயும் நாடுகளிலும் அதே கருணைதான். 2022 மார்ச்சில் சோனியின் 'கிரான் டுரிஸ்மோ 7' வெளியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஓர் அப்டேட்டில் கோளாறு கண்டு சர்வரை நிறுத்தினார்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் திறக்கவில்லை. தனி ஆளாக கார் வாங்கி, லைசன்ஸ் தேர்வு எழுதி, கம்ப்யூட்டரோடு பந்தயம் விடும் ஆட்டத்தில் பெரும்பகுதியும் சர்வரோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. நம் கராஜில் நிற்கும் நம் காரைப் பார்க்கவும் முடியாது. இதே வரிசையின் முதல் கேம் 1997இல் சிடியில் வந்தது. அந்தச் சிடியைப் பழைய பிளேஸ்டேஷனில் போட்டால் இன்றைக்கும் ஓடித் தொலைக்கும். சேவை மனப்பான்மை இல்லாத காலம்.

இப்பேர்ப்பட்ட சேவையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய மகான் ஒருவர் உண்டு. மைக்ரோசாஃப்ட்டில் எக்ஸ்பாக்ஸுக்குப் பொறுப்பாக இருந்த டான் மேட்ரிக். 2013 மே மாதம் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்'னை அறிமுகம் செய்தார்கள். ஒற்றை ஆள் ஆட்டமாகவே இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்டி நெட்டில் போய் ஆஜர் கொடுக்க வேண்டும். நண்பன் வீட்டுப் பெட்டியில் உங்கள் கேமை ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை. நெட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று மேட்ரிக்கைக் கேட்டார்கள். அவர்களுக்கும் எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் 360 என்று பெயர் என்றார். 2005இல் வந்த பெட்டி அது. புதுப் பெட்டியை விற்க வந்த இடத்தில் பழைய பெட்டியைச் சிபாரிசு செய்யும் தன்னலமற்ற வியாபாரியை எங்கே தேடுவது?

அதே பேட்டியில் அவர் இன்னொன்றும் சொன்னார். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதாக ஒருவர் எழுதியதைப் படித்தாராம். அங்கே நெட் கிடைப்பது சுலபமாக இருக்காதுதான் என்று இரக்கப்பட்டார். யுபிசாஃப்ட் நீர்மூழ்கிக்கு நெட் வேண்டுமென்றது, மைக்ரோசாஃப்ட் நீர்மூழ்கியில் நெட் கிடைக்காதே என்று வருந்தியது. இந்த இரண்டு கம்பெனிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்திருந்தால் கடற்படைகளுக்கு ஒரு விடிவு பிறந்திருக்கும்.

ஆனால் ஜனங்கள் பொறுக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சோனி மேடையேறி, பிளேஸ்டேஷன் 4க்கு ஆன்லைன் ஆஜர் எதுவும் தேவையில்லை என்று சொன்னதற்கு அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஒன்றும் செய்யமாட்டோம் என்ற வாக்குறுதிக்கு இத்தனை கைதட்டலா! ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஜூலையில் மேட்ரிக் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தீர்க்கதரிசிகளுக்குச் சொந்த ஊரில் மதிப்பில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பக்தி மார்க்கம். காத்திரு, வரிசையில் நில், கதவு திறக்கும்போது திறக்கட்டும். இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது, துறவு. அதைக் காட்டித் தந்ததும் யுபிசாஃப்ட்தான்.

2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் வந்தது. செய்தது பிரான்ஸின் லியோன் நகரத்து ஸ்டுடியோ. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியா வரைக்கும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப் போகலாம் என்று வைத்தார்கள். கூட ஆள் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காமல் தனியாகவும் கதையை ஆடி முடிக்கலாம். ஆனால் எப்படி ஆடினாலும் சர்வர் வேண்டும். ஒன்பது வருஷம் ஓடியது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். அன்றோடு அந்த கேம், டவுன்லோட் செய்தவருக்கும் இல்லை, டிஸ்க் வாங்கி அலமாரியில் அடுக்கியவருக்கும் இல்லை. டிஸ்க் டிஸ்க்காகவே இருக்கிறது, பளபளப்புக் குறையவில்லை, காப்பி டம்ளர் வைக்கலாம்.

இதோடு விட்டிருந்தால் சாதாரணக் கம்பெனி. சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்கைத் திறந்து, அந்த கேமுக்கான உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். திறக்கப் போனவர்களுக்குத் திரை பதில் சொன்னது. உங்களுக்கு இனி இந்த கேம் கிடையாது, உங்கள் சாகசங்களைத் தொடர எங்கள் கடையைப் பாருங்களேன் என்கிற தோரணையில். நம்மூர்ப் பெரியவர்கள் பெண்டு பிள்ளைகளை விட்டு, காடு மலை ஏறி, பட்டினி கிடந்து கற்றுக்கொண்ட பாடத்தை, சோபாவை விட்டு எழுந்திருக்காமல் கற்றுக்கொள்ள வகை செய்திருக்கிறார்கள். குருதட்சிணையை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

யுபிசாஃப்ட்டின் சந்தா திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் ட்ரெம்ப்ளே 2024 ஜனவரியிலேயே இதன் பூர்வாங்கத்தைச் சொல்லியிருந்தார். சினிமாவையும் பாட்டையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இருக்க ஜனங்கள் பழகியது போல, சந்தா முறை வளர வேண்டுமானால் கேம்களையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. கம்பெனித் தலைவர் இவ் கியமோ 2025 ஜூலையில் பங்குதாரர் கூட்டத்தில் இன்னும் ஆழமாகப் போனார். எதுவும் நிரந்தரமல்ல, எந்த சேவையும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும் என்றார். பங்குதாரர் கூட்டத்தில் நிலையாமையைப் போதிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். வாங்கிய காசின் நிலையாமையைப் பற்றி அவர் ஏதும் சொன்னதாகத் தெரியவில்லை, நேரமில்லாமல் போயிருக்கும்.

இந்த உபதேசத்துக்கு நடுவில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் குறுக்கே வந்தார். 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார். அவர் கேட்டது என்ன? சர்வரை ஆயுசுக்கும் நடத்துங்கள் என்றா? இல்லை. மூடிவிட்டுப் போகும்போது, வாங்கியவன் தன் வீட்டில் தானே ஓட்டிக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்றார். எவ்வளவு பெரிய பேராசை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால் ஆணையம் காது கொடுத்தாக வேண்டும் என்றொரு வழி இருக்கிறது. 2025 ஜூலை முடிவதற்குள் 14 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்துவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. ஐரோப்பாவின் கேம் கம்பெனிகள் சங்கம் பொறுமையாகப் பதில் சொன்னது. ஒரு கேமின் சேவையை நிறுத்துவது எளிதாக எடுக்கிற முடிவல்ல, இந்தக் கோரிக்கைகளை ஏற்றால் கேம் தயாரிக்கும் செலவு கட்டுக்கடங்காமல் போய்விடும் என்று. 1989இல் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தவர்கள் எப்படித்தான் அந்தச் செலவைத் தாங்கினார்களோ, திவாலாகாமல் பிழைத்தது தெய்வச் செயல்.

கலிபோர்னியா மாநிலமும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டலில் கேம் விற்கிறவர், நீங்கள் வாங்குவது பொருளையல்ல, உரிமத்தை மட்டும்தான் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெட் இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடியதை விற்றால் இந்தப் புத்திமதி தேவையில்லை. தர்மம் செய்கிறவனைக் கூப்பிட்டு, செய்கிற தர்மத்தை வாய்விட்டுச் சொல் என்று கட்டாயப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இங்கே வலது கை எடுப்பது.

இவ்வளவு இடித்தால் கல்லும் கரையும். யுபிசாஃப்ட்டும் கரைந்துவிட்டது. 'தி க்ரூ 2'க்கு 2025 அக்டோபரில் ஆஃப்லைன் வசதி கொடுத்துவிட்டார்கள். முடியாது, செலவு, கனவு என்றெல்லாம் அடுக்கிய அதே துறையில் ஓர் அப்டேட்டில் காரியம் முடிந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால் ரசிகர்கள் சிலர் சேர்ந்து, கம்பெனி கைவிட்ட முதல் 'க்ரூ'வுக்குத் தாங்களே ஒரு சர்வரை எழுதி, செத்த வண்டியை மறுபடி ரோட்டில் விட்டுவிட்டார்கள். சம்பளம் வாங்கும் இன்ஜினியர்கள் படை இருந்தும் ஆகாதது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்த பையன்களுக்கு ஆகியிருக்கிறது. கம்பெனி எவ்வளவு கஷ்டப்பட்டு அதைச் செய்யாமல் இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒரே ஆறுதல், நீதிமன்றத்தில் கொள்கை விடாமல் நின்றார்கள். 'தி க்ரூ'வை வாங்கிய இருவர் 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். வாங்கியவர்களுக்குக் கொடுத்தது ஆடுவதற்கான வரம்புக்குட்பட்ட அனுமதிதான், கேமின் மேல் நிரந்தர உரிமை அல்ல, அதை உறையிலேயே எழுதியிருக்கிறோம் என்று கம்பெனி வாதாடியது. அதற்கு எதிர்த்தரப்பு அதே உறையின் படத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்தது. உள்ளே இருந்த ஆக்டிவேஷன் கோடு எண் எதுவரை செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கிறது: 2099.

இதைப் பெரிய குற்றம் கண்டுபிடித்துவிட்டது போல எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ இதில் ஒரு தவறும் தெரியவில்லை. 2099 வரை அந்த எண் செல்லும் என்றார்கள், செல்லாது என்று யாராவது சொன்னார்களா? இன்றைக்கும் அதை டைப் பண்ணலாம், நாளைக்கும் பண்ணலாம், பேரன் எடுத்தும் பண்ணலாம். அந்தப் பக்கம் எடுத்துக் கேட்க ஒரு சர்வர் இருக்க வேண்டும் என்று உறையில் எங்கே போட்டிருக்கிறது?